கால் அங்குலம்கூட இல்லாத குண்டு

அமெரிக்காவில் பெரிய துப்பாக்கிக் கடை ஒன்றின் தோட்டா அடுக்குகளைப் பார்த்தால் தலை சுற்றும். .22 ஹார்னெட், .220 ஸ்விஃப்ட், .222 ரெமிங்டன், .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன் என்று பெட்டிக்குப் பெட்டி வேறு பெயர். பித்தளைக் கூடுகளும் வேறு வேறு; ஒன்று மெலிந்து குட்டையாக இருக்கும், இன்னொன்று பருத்து நீளமாக இருக்கும். ஆனால் கூட்டின் வாயில் செருகியிருக்கும் குண்டை மட்டும் பிடுங்கி அளந்தால் ஐந்தும் ஒரே விட்டம்: 0.224 அங்குலம். மில்லிமீட்டரில் சொன்னால் 5.69.

இந்தச் சிறு குண்டு பிறந்ததே வளை தோண்டும் பிராணிகளுக்காக. கிழக்கு மாநிலப் பண்ணைகளில் வுட்சக், மேற்கு மலைகளில் ராக்சக், சமவெளிகளில் பிரெய்ரி டாக் (பெயர்தான் நாய், உண்மையில் அணில் இனம்), குதிரைமசால் வயல்களில் தரை அணில், கால்நடைப் பண்ணைகளைச் சுற்றிவரும் கயோட்டி. பயிரையோ மந்தையையோ கெடுக்கும் இவற்றையெல்லாம் அமெரிக்கர்கள் மொத்தமாக 'வார்மின்ட்' என்பார்கள். இவற்றைச் சுடக் கிளம்பும் புதியவர் கேட்கும் முதல் கேள்விகள் இரண்டு: எந்தக் கேலிபர் வாங்குவது, எத்தனை கிரெய்ன் குண்டு போடுவது?

இரண்டுமே எண்ணில் விடை கேட்கும் கேள்விகள். ஆனால் 0.224 குண்டு கடந்துவந்த நூறாண்டுப் பாதையைப் பார்த்தால், பெட்டியில் அச்சிடாத இரண்டு அளவுகள்தான் பெரும்பாலும் அதன் தலையெழுத்தை முடிவு செய்திருக்கின்றன. ஒன்று குண்டின் நீளம். மற்றது குழலின் முறுக்கு.

பயிற்சித் துப்பாக்கியின் குழலில்

கதை கரும்பொடிக் காலத்தில் தொடங்குகிறது. 1885-ல் வின்செஸ்டர் நிறுவனம் .22 டபிள்யூ.சி.எஃப். என்ற சிறு தோட்டாவை வெளியிட்டது. 45 கிரெய்ன் ஈயக் குண்டு, வினாடிக்குச் சுமார் 1,500 அடி வேகம். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஆக 45 கிரெய்ன் என்பது மூன்று கிராமுக்கும் சற்றுக் குறைவு. அன்றைக்கு அது மோசமில்லை. புகையில்லா வெடிமருந்து வந்ததும் பழசாகிப் போனது.

1920-களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் படைக்கலச் சாலையில் டவுன்சென்ட் வீலன், ஜி. எல். வாட்கின்ஸ் முதலிய சில துப்பாக்கிப் பித்தர்கள் அந்தப் பழைய கூட்டைத் தூசி தட்டி எடுத்தார்கள். புது வெடிமருந்தையும் உலோக உறையிட்ட குண்டையும் அதில் வைத்தார்கள். வேகம் வினாடிக்கு 2,400 அடிக்கு ஏறியது. பிற்காலத்தில் 2,700-ஐத் தொட்டது. அதுதான் .22 ஹார்னெட். 1930-ல் வின்செஸ்டர் அதற்குத் தோட்டா விற்கத் தொடங்கியபோது, அதைச் சுடும் துப்பாக்கியை எந்தத் தொழிற்சாலையும் இன்னும் செய்திருக்கவில்லை.

சோதனைக்குத் தேவைப்பட்ட துப்பாக்கி எங்கிருந்து வந்தது? படைவீரர் குறிபார்க்கப் பழகும் .22 பயிற்சித் துப்பாக்கியை எடுத்து, தோட்டா அமரும் அறையை மட்டும் மாற்றிக் கடைந்தார்கள். குழல் பழைய குழல்தான். அதன் உட்சுவரில் சுருண்டு செல்லும் பள்ளங்கள் 16 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று வரும்படி வெட்டப்பட்டிருந்தன. மெதுவாகப் போகும் 40 கிரெய்ன் ஈயக் குண்டுக்கு அந்த முறுக்கு போதும். ஹார்னெட் தொழிற்சாலைக்குப் போனபோதும் 16 அங்குல முறுக்கு அப்படியே கூடப் போனது.

முறுக்கு எதற்கு என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். குழலைவிட்டு வெளியேறும் குண்டு சுழன்றால்தான் மூக்கு முன்னால் இருக்கும். சுழற்சி போதாவிட்டால், வேகம் குறைந்த பம்பரம்போலத் தலையாட்டிக் கவிழும். குண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும். இந்த உறவை 1879-ல் வகுத்துக் கொடுத்தவர் இங்கிலாந்தின் வுல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில். விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கிக் குண்டின் நீளத்தால் வகுத்தால் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது வந்துவிடும். வேகமான குண்டுகளுக்கு 150-க்குப் பதிலாக 180 வைத்துக்கொள்வது பின்னாள் வழக்கம். அந்தச் சூத்திரத்தில் எடை என்ற சொல்லே இல்லை. விட்டம் மாறாதபோது எடை கூடினால் நீளமும் கூடும் என்பதால் மட்டுமே நாம் எடையை வைத்துப் பேசுகிறோம்.

ஆக ஹார்னெட்டில் 45 கிரெய்ன் குட்டைக் குண்டு நன்றாகப் பறந்தது. நீண்டு கூரான குண்டைப் போட்டால் தடுமாறியது. ஹார்னெட்டின் குண்டு எடையை வேட்டைக்காரர் தேர்ந்தெடுக்கவில்லை. பயிற்சித் துப்பாக்கியின் குழல் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. ஆனாலும் சத்தம் குறைவு, விலை குறைவு, 150 கெஜம் வரை நம்பகம். வீடுகளுக்கு நடுவே வயல் இருக்கும் கிழக்குப் பண்ணைகளில் அதற்கு நல்ல பெயர் கிடைத்தது.

வேகத்தின் விலை

1935-ல் வின்செஸ்டர் அதே விட்டத்தில் .220 ஸ்விஃப்டை வெளியிட்டது. 48 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 4,110 அடி. ஒலியின் வேகத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். கடையில் வாங்கக்கூடிய எந்தத் தோட்டாவும் அதுவரை அந்த வேகத்தை எட்டியதில்லை.

அவ்வளவு வேகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வளைவாயில் நிமிர்ந்து நிற்கும் பிராணி கையகலம்தான் இருக்கும். தூரம் 200 கெஜமா 275 கெஜமா என்று கண்ணால் சொல்வது கடினம். தூரமானிக் கருவி இல்லாத காலம். குண்டு மெதுவாகப் போனால் வழியில் அதிகம் தாழும். தூரத்தைத் தப்பாக மதித்தால் குறி தப்பும். குண்டு வேகமாகப் போனால் பாதை ஏறக்குறைய நேர்க்கோடு. மதிப்பீட்டில் பிழை இருந்தாலும் பட்டுவிடும். இன்னொரு காரணமும் உண்டு. இலேசான குண்டு அந்த வேகத்தில் மண்ணில் மோதினால் தூளாகிவிடும். மாடு மேயும் நிலத்தில், தரையில் பட்டுத் தெறித்துப் பறக்காத குண்டு பெரிய வரம்.

விலை வேறிடத்தில் கேட்கப்பட்டது. நிறைய வெடிமருந்து எரிந்து, குறுகிய துளைவழியாகப் பாயும்போது குழலின் தொண்டைப் பகுதி அரித்துப் போகிறது. சூடு ஆறவிடாமல் சுட்டுக்கொண்டே போனவர்களின் குழல்கள் சீக்கிரம் துல்லியம் இழந்தன. 'ஸ்விஃப்ட் குழல் தின்னி' என்ற பழி ஒட்டிக்கொண்டது. குழல் எஃகு மேம்பட்ட பிறகும் அந்தப் பழி போகவில்லை. சிலர் மானையும் இதே குண்டால் சுட்டார்கள். சிறு பிராணிக்குள் சிதறுவதற்காகச் செய்த மெல்லுறைக் குண்டு பெரிய விலங்கின் தோளெலும்பில் மேலோட்டமாக வெடித்துக் காயம் மட்டும் ஏற்படுத்தியது. கொலராடோ போன்ற மாநிலங்கள் இன்றும் .24 அங்குலத்துக்குக் குறைந்த குழலை மான் வேட்டைக்கு அனுமதிப்பதில்லை.

ஸ்விஃப்டுக்குப் போட்டியாக வீட்டுப் பட்டறைகளில் இன்னொரு தோட்டா உருவானது. .250 சாவேஜ் என்ற பழைய தோட்டாவின் கூட்டு வாயைக் குறுக்கி 0.224 குண்டைச் செருகினார்கள். 1937-ல் ஜே. ஈ. கெப்பி அதற்கு 'வார்மின்டர்' என்று பெயர் வைத்துப் பதிவும் செய்துகொண்டார். அந்தப் பெயரை மற்றவர்கள் பயன்படுத்த முடியாததால் .22-250 என்று எழுதினார்கள். எந்த நிறுவனத்தின் முத்திரையும் இல்லாமல் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த அந்தத் தோட்டாவை 1965-ல் ரெமிங்டன் தத்தெடுத்தது. ஸ்விஃப்டின் வேகத்துக்கு ஒரு படி கீழே நின்று, அதன் கெட்ட பெயரில் பங்கு கேட்காமல், அதைவிட அதிகம் விற்றது.

கூடே உறையான காலம்

இரண்டாம் உலகப் போர் வந்தது. செம்பும் ஈயமும் படைக்குப் போயின. பொதுமக்களுக்குக் குண்டு கிடைக்கவில்லை. இந்தக் குண்டின் வாழ்வில் மிகவும் சுவையான அத்தியாயம் இதுதான்.

சுட்டு எறிந்த .22 ரிம்ஃபயர் தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடு எங்கும் இறைந்து கிடக்கும். அதை மறுபடி நிரப்பவும் முடியாது. ஆனால் அதன் விட்டம் ஏறக்குறைய 0.224 அங்குலம். அடிப்பக்கத்து விளிம்பை அச்சில் அழுத்தி நீவிவிட்டு, உள்ளே ஈயக் கம்பித் துண்டைப் போட்டு, இன்னொரு அச்சில் அழுத்தி மூக்கு வடித்தால் குண்டு தயார். நேற்றுவரை தோட்டாக் கூடாக இருந்தது இன்று குண்டின் உறை.

கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹன்டிங்டன் என்பவர் தம் தந்தையின் சலவைக் கடையின் பின்புறத்தில் இதற்கான அச்சுகளை 1943-ல் செய்யத் தொடங்கினார். அவர் சுட விரும்பியது ராக்சக். அதனால் கருவிக்கு 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்' என்று பெயர். அதன் முதலெழுத்துகள்தான் ஆர்.சி.பி.எஸ். தோட்டாவை வீட்டில் நிரப்பிக்கொள்ளும் அமெரிக்கர் பலரின் மேசையில் இன்றும் இருக்கும் பெயர். அதே நேரத்தில் வெர்னன் ஸ்பியரும் ஜாய்ஸ் ஹார்னடியும் காலிக் கூடுகளிலிருந்து குண்டு செய்து விற்றார்கள். ஸ்பியர் ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டனில் நிலைகொண்டார். ஹார்னடி 1949-ல் நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில் தனி நிறுவனம் தொடங்கினார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் முளைத்த இரண்டு பெயர்களும் இன்று குண்டுச் சந்தையின் பெரிய பெயர்கள்.

அந்தக் கைவேலை கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. ரிம்ஃபயர் கூட்டின் சுவர் மெல்லியது. அதனால் அந்தக் குண்டுகள் சிறு பிராணியில் பட்டதும் நொடியில் சிதறின. வேட்டைக்கு அது நல்லது. ஆனால் ஸ்விஃப்டின் வேகத்துக்கு அவை தாங்கவில்லை. ஒரே எடை, ஒரே விட்டம். உறையின் கனம் வேறானால் குணமும் வேறு. இன்று குண்டு வாங்குபவர் கிரெய்னை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் இந்தப் பாதி விவரம் விட்டுப்போகும்.

நடுவழி கண்டவர்

1950-ல் ரெமிங்டன் பொறியாளர் மைக் வாக்கர் .222 ரெமிங்டனை வடிவமைத்தார். பழைய கூட்டை நெளித்துச் செய்ததல்ல, புதிதாக வரைந்தது. 50 கிரெய்ன் குண்டு, வினாடிக்குச் சுமார் 3,200 அடி, 14 அங்குல முறுக்கு. ஹார்னெட்டைவிடக் கூடுதல் எட்டம். ஸ்விஃப்டைப்போலக் குழலைத் தின்னவில்லை. வாக்கர் மேசைமேல் துப்பாக்கியை வைத்துத் துல்லியம் போட்டியிடும் பெஞ்ச்ரெஸ்ட் ஆட்டக்காரரும்கூட. அவருடைய தோட்டா அந்த விளையாட்டில் இருபதாண்டுக்கு மேல் கொடிகட்டிப் பறந்தது.

.222-ன் வெற்றியில் எல்லாம் ஒன்றுக்கொன்று இசைந்திருந்தன: அளவான மருந்து, 50 கிரெய்ன் குண்டின் நீளம், அந்த நீளத்துக்கு ஏற்ற முறுக்கு. குண்டுக்குத் தேவைக்கு மிஞ்சிய சுழற்சி கொடுத்தால், உறையில் இருக்கும் நுண்ணிய கோணல்கூடச் சிதறலாக வெளிப்படும். அன்றைய உறைகள் இன்றுபோல் சீரானவை அல்ல. அதனால் கவிழாத அளவுக்கு மட்டும் சுழற்று, அதற்குமேல் வேண்டாம் என்பதே வார்மின்ட் துப்பாக்கி செய்தவர்களின் நெறி. நெறி சரிதான். அது எங்கே காலை வாரும் என்பது ஐந்தாண்டில் தெரிந்தது.

பங்காளிகளின் வழக்கு

1955-ல் வின்செஸ்டரும் ரெமிங்டனும் ஒரே ஆண்டில் 6 மில்லிமீட்டர் தோட்டாக்களை வெளியிட்டன. இரண்டின் குண்டும் 0.243 அங்குலம், நம் குண்டுக்குப் பங்காளிகள். வின்செஸ்டரின் தோட்டா .243 வின்செஸ்டர். ரெமிங்டனுடையது .244 ரெமிங்டன், ஓரோவில் சலவைக் கடை ஹன்டிங்டன் உருவாக்கிய ராக் சக்கர் என்ற தோட்டாவே அதன் மூலம்.

.244-ன் கூடு சற்றுப் பெரியது. மருந்து அதிகம் கொள்ளும். தாளில் பார்த்தால் அதுவே மேல். ஆனால் ரெமிங்டன் அதை வார்மின்ட் தோட்டாவாகவே நினைத்தது. 12 அங்குல முறுக்கு வைத்து, 75, 90 கிரெய்ன் குண்டுகளோடு விற்றது. வின்செஸ்டர் 10 அங்குல முறுக்கு வைத்து, சிறு பிராணிக்கு 80, மானுக்கு 100 என்று இரண்டு குண்டு கொடுத்தது. வாங்க வந்தவர் யோசித்தது இவ்வளவுதான்: ஒரே துப்பாக்கியில் கோடையில் வுட்சக்கும் இலையுதிர் காலத்தில் மானும் முடியுமென்றால் எதற்கு மற்றது?

உண்மையில் 90 கிரெய்னுக்கும் 100 கிரெய்னுக்கும் மானின் மேல் பெரிய வித்தியாசம் கிடையாது. மூக்கு மழுங்கிய குட்டையான 100 கிரெய்ன் குண்டு 12 அங்குல முறுக்கிலும் பறக்கும். கூரான நீளக் குண்டுதான் தடுமாறும். இந்த நுணுக்கத்தைக் கடை மேசையில் நின்று யார் விளக்குவது? '.244-ல் 100 கிரெய்ன் போகாது' என்ற ஒற்றை வரி ஊரெங்கும் பரவியது. 1963-ல் ரெமிங்டன் முறுக்கை 9 அங்குலமாக இறுக்கி, தோட்டாவில் எந்த மாற்றமும் செய்யாமல், 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயரை மட்டும் மாற்றி மறுபடி களமிறக்கியது. அதற்குள் .243 ஊன்றிவிட்டது. இன்றும் .243 எங்கும் கிடைக்கும், 6 மி.மீ. ரெமிங்டனைத் தேடித்தான் வாங்க வேண்டும். முறுக்கில் இரண்டு அங்குல வித்தியாசம் ஒரு நல்ல தோட்டாவின் பிழைப்பைக் கெடுத்தது.

வயலிலிருந்து போருக்கு

0.224 குண்டின் வாழ்வில் பெரிய திருப்பத்தை உண்டாக்கியது வேட்டைக்காரர்களல்ல. 1950-களின் இறுதியில் அமெரிக்கப் படை இலேசான துப்பாக்கி தேடியது. ஆர்மலைட் நிறுவனத்தின் யூஜீன் ஸ்டோனர் .222-ஐ எடுத்துப் பார்த்தார். 500 கெஜத்தில் இரும்புத் தொப்பியைத் துளைக்க வேண்டும் என்பது படையின் நிபந்தனை. அந்தக் கூட்டில் அவ்வளவு மருந்துக்கு இடமில்லை. கூட்டை நீட்டினார்கள், 55 கிரெய்ன் குண்டு வைத்தார்கள். படைக்கு 5.56 மில்லிமீட்டராகவும் கடைக்கு .223 ரெமிங்டனாகவும் அது அறிமுகமானது.

அதைச் சுட ஸ்டோனர் வடிவமைத்த ஏ.ஆர்.-15 துப்பாக்கிகளில் முதலில் வந்தவற்றின் முறுக்கு 14 அங்குலம். வுட்சக் துப்பாக்கியின் முறுக்கு அப்படியே போருக்குப் போனது. அலாஸ்கா குளிரில் சோதித்தபோது குண்டு தடுமாறியது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. அதில் நிமிர்ந்து பறக்க இன்னும் சுழற்சி வேண்டும். கிரீன்ஹில் கணக்கைப் போட்டுப் பார்த்தால் (180 வைத்து) 14 அங்குல முறுக்கு தாங்கும் குண்டு நீளம் சுமார் 16 மி.மீ.; 12 அங்குலம் தாங்குவது 19 மி.மீ. அந்த 55 கிரெய்ன் குண்டின் நீளமோ ஏறக்குறைய 19 மி.மீ. 1963-ல் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்னமாரா முறுக்கை 12 அங்குலமாக மாற்ற ஒப்புதல் கொடுத்தார். ஒரு நாட்டின் பாதுகாப்புத் தலைவர் குழலின் முறுக்குக்குக் கையெழுத்திடும் நிலை.

1980-ல் நேட்டோ நாடுகள் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் வடிவமைத்த 62 கிரெய்ன் எஸ்.எஸ்.109 குண்டை ஏற்றன. உள்ளே எஃகு முனை இருந்ததால் அது எடைக்கு மிஞ்சிய நீளம். அதோடு சேர்ந்து வரும் ஒளிரும் தடக்குண்டு இன்னும் நீளம். அதற்காக ஏ.ஆர்.-15-ன் படை வடிவமான எம்16ஏ2 துப்பாக்கியின் முறுக்கு 7 அங்குலமாக இறுகியது. சுமார் இருபது ஆண்டுகளில் 14-லிருந்து 7.

படைக்குப் போன தோட்டா, மலிவான பித்தளைக் கூடுகளையும் இறுக்கமான குழல்களையும் சுமந்துகொண்டு ஊர் திரும்பியது. 69, 77, 80 கிரெய்ன் நீளக் குண்டுகள் போட்டிக் களத்துக்கு வந்தன. 600 கெஜத்தில் பழைய .308 தோட்டாவைத் தோற்கடித்தன. வார்மின்ட் வேட்டைக்காரருக்கோ புதுத் தலைவலி. 12 அங்குல முறுக்கில் 3,200 அடி வேகம் என்றால் ஓர் அடிக்கு ஒரு சுற்று. நிமிடத்துக்கு 1,92,000 சுற்று. 7 அங்குலக் குழலில் அதே குண்டு நிமிடத்துக்கு 3,29,000 சுற்று சுழலும். மெல்லுறைக் குண்டுகள் சில அந்தச் சுழற்சியைத் தாங்காமல் காற்றிலேயே உடைந்து சாம்பல்நிறக் கீற்றாக மறைந்தன; இலக்கில் துளையே இல்லை. ஹார்னெட்டுக்கும் .222-க்கும் என்று செய்த குண்டை இறுக்கமான குழலில் போடாதே என்று உற்பத்தியாளர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

முனையும் தம்பிகளும்

1980-களில் நாஸ்லர் நிறுவனமும் 1990-களில் ஹார்னடியும் குண்டின் மூக்கில் பிளாஸ்டிக் முனை வைத்தன. முனை காற்றைக் கிழிக்கும்; பட்டதும் பின்னுக்குத் தள்ளப்பட்டு ஆப்பைப்போல உறையைப் பிளக்கும். பழைய முரண்பாடு ஒன்று இதனால் தீர்ந்தது: நன்றாகச் சிதறும் குண்டு நன்றாகப் பறக்காது என்ற நிலை மாறியது. ஆனால் பிளாஸ்டிக்குக்கு எடை மிகக் குறைவு, நீளம் உண்டு. முனை வைத்த 55 கிரெய்ன் குண்டு பழைய ஈயமூக்கு 55 கிரெய்னைவிட நீளம். 14 அங்குல முறுக்குள்ள பழைய .22-250 வைத்திருப்பவர் அதே எடையில் குண்டை மாற்றிவிட்டு, குறி ஏன் கலைந்தது என்று தலையைச் சொறிவதுண்டு.

இதற்கிடையே சிறிய தம்பிகளும் பிறந்தார்கள். 1971-ல் .17 ரெமிங்டன்: 25 கிரெய்ன் குண்டு, 4,000 அடிக்கு மேல் வேகம், கயோட்டித் தோலில் நுழைதுளை மட்டும் விழும், வெளித்துளை அரிது என்பதால் தோல் விற்பவர்கள் விரும்பினார்கள். 2002-ல் ஹார்னடியின் .17 எச்.எம்.ஆர்.: 17 கிரெய்ன், 2,550 அடி. 2004-ல் .204 ரூகர்: 32 கிரெய்ன், 4,225 அடி. பின்னுதைப்பு குறைவு என்பதால் குண்டு படுவதைத் தொலைநோக்கியில் தாமே பார்க்க முடியும். பட்டது தெரிந்தால்தானே அடுத்த குண்டைத் திருத்தலாம்? குறை, காற்று. இலேசான குண்டைக் காற்று இழுத்துப் போகும். 55 கிரெய்ன் .223 குண்டைக்கூட, மணிக்கு 10 மைல் பக்கக் காற்று 300 கெஜத்தில் சுமார் ஓர் அடி நகர்த்திவிடும். பிரெய்ரி டாக்கின் அகலமே அதில் பாதி இராது.

ஈயம் விட்ட எச்சம்

சிதறுவது நல்லது என்று எண்பது ஆண்டு பேசிய பிறகு, சிதறிய துகள் எங்கே போகிறது என்ற கேள்வி வந்தது. சுட்ட தரை அணிலையும் பிரெய்ரி டாக்கையும் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. கழுகும் பருந்தும் தின்கின்றன. மெல்லுறைக் குண்டு விட்டுச்சென்ற நுண்துகள் ஈயம் அவற்றின் வயிற்றில் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. கலிஃபோர்னியாவில் காண்டார் கழுகுகளை ஈயம் கொல்வது உறுதியானபின், 2013-ல் சட்டம் வந்தது. 2019 ஜூலை 1 முதல் அம்மாநிலத்தில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது.

இன்னொரு கணக்கும் நேராக வேண்டியிருந்தது. பிரெய்ரி டாக்கையே பெரும்பாலும் உண்டு வாழும் கருங்கால் ஃபெரெட், அழிந்துவிட்டது என்று நினைத்த பிறகு 1981-ல் வயோமிங்கின் மீட்டீட்சியில் மறுபடி கண்ணில் பட்டது. வளைகளை அழித்ததில் குண்டைவிட நஞ்சுக்கும் உழவுக்கும் கொள்ளைநோய்க்கும்தான் பங்கு அதிகம். இருந்தாலும், எல்லா வளையும் தொல்லையின் வளை அல்ல என்ற புரிதல் சட்டத்தில் ஏறியது. யூட்டா பிரெய்ரி டாக் இன்று பாதுகாக்கப்பட்ட இனம். எந்தக் கேலிபர் என்று கேட்கும் முன் எந்த விலங்கு, எந்த மாநிலம் என்று கேட்டாக வேண்டும்.

ஈயத்துக்கு மாற்றாகச் செம்பு வந்ததும் பழைய கணக்கு திரும்பவும் மேசைக்கு வந்தது. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், செம்பு சுமார் 9. அதே எடை வேண்டுமானால் குண்டு நீள வேண்டும். நீண்டால் பழைய குழல் தாங்காது. அதனால் எடையைக் குறைத்தார்கள். பார்ன்ஸ் நிறுவனம் செம்பும் வெள்ளீயமும் கலந்த பொடியை அழுத்தி உள்ளீடாக வைத்த 0.224 குண்டு 36 கிரெய்ன்தான். சி.சி.ஐ. தன் .22 ரிம்ஃபயர் செம்புக் குண்டை 21 கிரெய்னுக்கு இறக்கியது. வழக்கமான 40-ல் ஏறக்குறைய பாதி. 16 அங்குல முறுக்கு, ஹார்னெட்டைக் கட்டிப்போட்ட அதே முறுக்கு, இங்கேயும் எடைக்கு வரம்பு வைக்கிறது.

விலங்கிலிருந்து பின்னோக்கி

இவ்வளவையும் பார்த்தபின் முதல் இரண்டு கேள்விகளின் வரிசையைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. விலங்கும் தூரமும் முதலில். அவற்றுக்கு ஏற்ற உறையும் வேகமும் அடுத்து. அந்தக் குண்டின் நீளம், அதைத் தாங்கும் முறுக்கு அதன்பின். தோட்டாவின் பெயர் கடைசியில்.

குதிரைமசால் வயலில் 150 கெஜத்துக்குள் தரை அணில், ஒரு காலையில் நூற்றுக்கணக்கில் சுட வேண்டும் என்றால் .17 எச்.எம்.ஆர். போதும், அல்லது 35 கிரெய்ன் குண்டோடு ஹார்னெட். செலவும் சத்தமும் சூடும் குறைவு. தெற்கு டக்கோட்டாவின் காற்றடிக்கும் வெளியில் 200 முதல் 350 கெஜம் என்றால் .223, காற்று அடங்கிய காலையில் 40 கிரெய்ன், காற்று எழுந்தபின் 50 அல்லது 55. குழல் சூடேறினால் ஆறவைக்க இரண்டாவது துப்பாக்கி ஒன்றையும் கொண்டுபோவார்கள். 15 கிலோ கயோட்டிக்கு .22-250-ல் 55 கிரெய்ன். ஆனால் உறை சற்றுக் கனமாக இருக்கட்டும். மானும் சேர்த்து ஒரே துப்பாக்கி என்றால் 1955-ன் தீர்ப்பு இன்றும் செல்லும்: .243.

கையிலிருப்பது பழைய துப்பாக்கியானால், குழலின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் முறுக்கை அளந்து பார்க்கலாம். தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, துடைக்கும் கம்பியின் முனையில் இறுக்கமாகத் துணி சுற்றிக் குழலில் செலுத்தி, கம்பியில் ஒரு குறியிட்டு, அது ஒரு முழுச் சுற்று சுற்றும்வரை தள்ளினால் போதும். கம்பி எத்தனை அங்குலம் நகர்ந்ததோ அதுவே முறுக்கு. பிறகு தாளில் சுட்டுப் பார்க்க வேண்டும். துளை வட்டமாக இருந்தால் குண்டு நிமிர்ந்து போகிறது. நீள்வட்டமாக இருந்தால் குழல் தாங்காத நீளம். எடையைக் குறைக்க வேண்டும், அல்லது மூக்கு மழுங்கிய குண்டுக்கு மாற வேண்டும்.

அண்மையில் 22 கிரீட்மூர் என்ற புதுத் தோட்டாவுக்கு வரவேற்பு அதிகம். கூட்டின் கொள்ளளவில் அது .22-250-க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. புதிதாக விற்பது பெரும்பாலும் 8 அங்குல முறுக்கும், அதில் பறக்கும் 69 முதல் 80 கிரெய்ன் வரையான நீளக் குண்டுகளும்தான். 500 கெஜத்துக்கு அப்பால், காற்றில் சுடுபவருக்கு அது கொடுத்த காசுக்கு வேலை செய்யும். 300 கெஜத்துக்குள் கயோட்டி சுடுபவரிடம் தாத்தா விட்டுப்போன 14 அங்குல .22-250 இருந்தால், அவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. 50 கிரெய்ன் குட்டைக் குண்டு ஒரு பெட்டி வாங்கினால் போதும்.